படத்தில் இருப்பவரும் அவருடைய மரக்காலும்

வேல்ஸ் நாட்டில் ஆங்கிள்ஸி என்றொரு தீவு. அங்கே நீர்க்கரையில் பிளாஸ் நெவித் என்ற பெரிய மாளிகை. அதன் எண்ணெய் வண்ண ஓவியங்களில் குதிரைப்படை உடுப்போடு கம்பீரமாக இருப்பவர் ஹென்றி வில்லியம் பேஜட். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரைப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதில் வெலிங்டனின் குதிரைப்படையை நடத்தியவர்.

பிறந்தது 1768-ல். பிரபு வீட்டுப் பிள்ளை. 1793-ல் அப்பாவின் குடியானவர்களை வைத்தே ஒரு படைப்பிரிவு திரட்டிவிட்டார்! ஆனால் அப்பா பேரில் மட்டும் ஓட்டிய ஆள் இல்லை. 1808 டிசம்பரில் ஸ்பெயினில் சஹகூன், பெனவென்ட்டே என்ற இரண்டு இடங்களில் பிரெஞ்சுக் குதிரைப்படையை முறியடித்தார். அப்புறம் வெலிங்டனுடைய தம்பி மனைவியோடு ஓடிப்போனார். வெலிங்டன் படையில் சில வருடம் இடமில்லாமல் போனது.

1815 ஜூன் 18, வாட்டர்லூ. மதியம் இவருடைய கனரகக் குதிரைப்படை பிரெஞ்சுக் காலாட்படையைச் சிதறடித்தது. தளபதியே முன்னால் பாய்ந்துவிட்டதால், பின்னால் துணைப்படையைக் கொண்டுவர ஆளில்லை. கட்டுப்பாடில்லாமல் வெகுதூரம் போய்விட்ட வீரர்களில் ஏராளமானோர் திரும்பவே இல்லை. அது தன் தவறு என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். படத்தில் இதெல்லாம் தெரியாது.

சாயங்காலம், போர் முடியப் போகிற நேரம், பீரங்கிக் குண்டு அவருடைய வலது முழங்காலை நொறுக்கியது. மயக்க மருந்து வராத காலம். அப்படியே காலை அறுத்தார்கள். அப்போது வயது 47.

இனிமேல்தான் நம்ம பாடம். லண்டன் செல்ஸியில் ஜேம்ஸ் பாட்ஸ் என்ற தொழிலாளி செயற்கைக் கால் செய்துகொண்டிருந்தார். மரத்தில் உடம்பு, முழங்காலில் எஃகு மூட்டு, கணுக்காலிலும் ஒரு மூட்டு. முழங்காலையும் பாதத்தையும் விலங்குக் குடலில் திரித்த நரம்பு இணைக்கும். முழங்கால் மடங்கினால் பாதத்தின் முன்பக்கம் தானாக மேலே தூக்கும். தரையில் தட்டி விழ மாட்டோம். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, வெறும் லிங்க்கேஜ்! சாதாரணச் சிப்பாய்க்குக் கால் போனால் கிடைத்தது ஒரு மரக்கட்டைதான்.

இந்தக் காலோடுதான் பேஜட் இரண்டு தடவை அயர்லாந்தை ஆண்டார். கத்தோலிக்கர்களுக்கு உரிமை வேண்டும் என்று நின்று, 1829-ல் பதவியும் இழந்தார். கால் போனதற்குத் தர வந்த வருடம் 1,200 பவுண்டு பென்ஷனை வேண்டாம் என்றார். 1854-ல், 85 வயதில் இறந்தார். அவருடைய ஒரு மரக்கால் அதே மாளிகையில் இருக்கிறது.

அதற்கு உலகம் வைத்த பெயர் ‘ஆங்கிள்ஸி கால்’. அணிந்தவர் பட்டம்தான் நின்றது, செய்தவர் பெயர் இல்லை! ஆனால் பாட்ஸிடம் வேலை பார்த்த வில்லியம் செல்ஃபோ 1839-ல் அந்த வேலையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே அதைச் ‘செல்ஃபோ கால்’ என்று கூப்பிட்டார்கள்.