ஐடா ஸ்கடர்: தாதியரை உருவாக்கிய மருத்துவர்

தலசீமியா பெற்றோர் வழியாகப் பிள்ளைகளுக்கு வரும் இரத்த நோய். இந்நோய் கடுமையாக உள்ள குழந்தையின் உடலில் போதிய ஈமோகுளோபின் உற்பத்தியாவதில்லை. ஆகவே, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். பினாங்கு மருத்துவமனை உட்பட, மலேசியாவின் பல மருத்துவமனைகளில் இத்தகைய சிறுவர்கள் சிகிச்சை பெறுகின்றனர். இரத்தப் பையிலுள்ள பெயரையும் இரத்த வகையையும் சரிபார்ப்பவர் தாதி. இரத்தம் ஏறத் தொடங்கியதும் அருகிலேயே நின்று, காய்ச்சலோ நடுக்கமோ வருகிறதா என்று கவனிப்பவரும் அவரே. மருத்துவரின் அறிவு நோயாளியைச் சென்றடையத் தாதியின் கைகள் வேண்டும். இதனை நன்கு உணர்ந்து செயல்பட்டவர் டாக்டர் ஐடா ஸ்கடர்.

ஐடா 1870-இல் தமிழகத்தின் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய குடும்பம் அமெரிக்க மருத்துவக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் பார்த்தவர். ஆயினும், ஐடாவுக்கு அப்பணியில் நாட்டம் இல்லை. வறட்சியும் பஞ்சமும் நிறைந்த ஊரைவிட்டு அமெரிக்காவில் வாழவே அவர் விரும்பினார்.

அங்குப் படிப்பை முடித்த ஐடா, நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனத்திற்கு வந்தார். ஓர் இரவு, மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவராக இருந்தும், ஆண் ஒருவர் தம் மனைவிக்குப் பிரசவம் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். பொழுது விடிந்தபோது அம்மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தனர். அந்த இரவு ஐடாவின் வாழ்க்கைப் பாதையை மாற்றியது.

அவர் மீண்டும் அமெரிக்கா சென்று, 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூருக்கு வந்து, ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1902-இல் பெண்களுக்காக 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. நோயாளிகள் பெருகினர், அவர்களை இரவும் பகலும் கவனிக்கப் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. அக்காலத்தில் தாதிமைப் பணியைப் பல குடும்பங்கள் தாழ்வாகக் கருதின. ஐடா மனம் தளரவில்லை. 1909-இல் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1918-இல்தான். 1946-இல் வேலூரில் தாதிமை பட்டப்படிப்பாக உயர்ந்தது. ஐடா 1960-இல் கொடைக்கானலில் காலமானார்.

அவர் மறைந்து 26 ஆண்டுகளுக்குப் பின், 1986-இல், அவர் வளர்த்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தலசீமியா நோயாளி ஒருவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யப்பட்டது. இச்சிகிச்சையில், நோயுற்ற மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, நலமான ஒருவரின் மஜ்ஜையைச் செலுத்துவர். அது வேலை செய்யத் தொடங்கும்வரை நோயாளியின் உடலில் நோய் எதிர்ப்பாற்றல் இராது. சாதாரண சளியும் உயிருக்கு ஆபத்தாகலாம். எனவே, நோயாளி தனி அறையில் வைக்கப்படுவார். தாதியர் ஒவ்வொரு முறையும் கைகளைக் கழுவி, முகக்கவசம் அணிந்தே உள்ளே செல்வர். வாயில் புண் உள்ளதா, காய்ச்சல் ஏறுகிறதா எனக் கவனிப்பர். உறவினரைக் காணாமல் ஏங்கும் குழந்தையிடம் பேசித் தைரியமூட்டுவர்.

மலேசியாவில் 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா இரத்தப் பரிசோதனை நடத்தப்படுகிறது. நோயின் மரபணுவைத் தாங்கியிருப்பவர் யார் என்பதை முன்கூட்டியே அறிய இது உதவுகிறது. அச்சோதனைக்காகக் கை நீட்டும் மாணவருக்கு எதிரே அமர்ந்திருப்பவரும் பெரும்பாலும் ஒரு தாதியே. உதவி கேட்டு வந்தவர்களுக்கு உதவ இயலாமற்போன ஓர் இரவை ஐடா மறக்கவில்லை. அந்நிலை இனி எவருக்கும் வரக்கூடாது என்று அவர் உழைத்தார். அவ்வுழைப்பின் பயனை இன்றும் எத்தனையோ குடும்பங்கள் பெற்று வருகின்றன.