மின்சாரத்துக்குக் கணக்கு கண்ட கொல்லர் மகன் மைக்கேல் ஃபாரடே

லண்டனில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாக 1791 செப்டம்பர் 22ஆம் நாள் பிறந்தவர் மைக்கேல் ஃபாரடே. தந்தை அடிக்கடி நோயில் படுத்ததால் வீட்டில் வறுமை வாட்டியது. ஒரே ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டிய காலமும் உண்டு. எழுத, படிக்க, சிறிது கணக்குப் போட மட்டுமே பள்ளியில் கற்றார்.

14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கு 7 ஆண்டுகள். கட்டுவதற்கு வந்த நூல்களையெல்லாம் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி எளிமையாக எழுதிய வேதியியல் நூலும் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன.

1812இல் அவரே ஒரு சிறு மின்கலத்தைச் செய்தார். அதற்கு வேண்டியவை 7 அரை பென்னிச் செப்புக் காசுகள், 7 துத்தநாக வில்லைகள், உப்புநீரில் நனைத்த 6 காகிதத் துண்டுகள். அதன் இரு கம்பிகளையும் பேதியுப்புக் கரைசலில் வைத்தபோது கம்பி முனைகளில் குமிழிகள் எழுந்தன. மின்சாரம் கரைசலைப் பிரித்துவிட்டது. இதுவே மின்னாற்பகுப்பு.

உப்பு நீரில் கரையும்போது அதிலுள்ள மின்னூட்டம் கொண்ட துகள்கள் தனித்தனியே நடமாடும். மின்சாரம் பாய்ந்ததும் நேர்மின் துகள்கள் எதிர்முனைக்கும், எதிர்மின் துகள்கள் நேர்முனைக்கும் நகரும். முனைகளில் நடக்கும் மாற்றத்தால் அங்கே உலோகம் படியும் அல்லது வாயு வெளிவரும்.

அதே ஆண்டு, கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த நுழைவுச்சீட்டால், புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். பொட்டாசியம், சோடியம் இரண்டையும் 1807இல் மின்னாற்பகுப்பால் பிரித்தெடுத்தவர் டேவி. சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்து, தம் கையாலேயே அழகாகக் கட்டி, டேவிக்கு அனுப்பினார் ஃபாரடே. 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது.

மின்சாரம் பொருளைப் பிரிக்கும் என்பது அன்றே பலருக்கும் தெரியும். எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு பொருள் என்பதுதான் தெரியாமல் இருந்தது. உயர்கணிதம் படிக்காத ஃபாரடே, 1833ஆம் ஆண்டு வாக்கில் பொறுமையாக அளந்து அளந்து விடை கண்டார். பாயும் மின்சாரம் இரு மடங்கானால் படியும் பொருளும் இரு மடங்காகும். 1 கிராம் ஹைட்ரஜனை வெளியேற்றும் அதே அளவு மின்சாரம், வெள்ளிக் கரைசலில் சுமார் 108 கிராம் வெள்ளியைப் படியச் செய்யும். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படி ஓர் அளவு உண்டு.

எலக்ட்ரோடு, ஆனோடு, கேத்தோடு, அயன் என்று இன்று மாணவர்கள் படிக்கும் சொற்களையும் அறிஞர்களின் துணையோடு 1834இல் அவரே புழக்கத்துக்குக் கொண்டு வந்தார்.

அந்தக் கணக்கு இன்றும் தொழிற்சாலைகளில் பயன்படுகிறது. நகைக்கும் கரண்டிக்கும் முலாம் பூசுவது, மின்கம்பிக்கான செம்பைத் தூய்மையாக்குவது, உப்புநீரிலிருந்து குளோரின் எடுப்பது எல்லாம் மின்னாற்பகுப்பால் நடப்பவை. சரவாக்கின் சமலாஜுவில் அலுமினியம் எடுக்கப்படுவதும் இந்த முறையில்தான்.

புகழ் வந்த பின்னும் ஃபாரடே எளிமையாகவே வாழ்ந்தார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி இரண்டு முறை தேடி வந்தும் மறுத்துவிட்டார். சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 19 ஆண்டுகளில் நிகழ்த்தினார். நுழைவுச்சீட்டு வாங்கப் பணமில்லாத பையனாக இருந்தவர், அதே அரங்கில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்.

1867 ஆகஸ்ட் 25ஆம் நாள் காலமான அவரது உடல், லண்டன் ஹைகேட் கல்லறையில் ஆடம்பரமின்றி அடக்கம் செய்யப்பட்டது.