வ.உ.சி. திறக்காத மாலுமிப் பள்ளி

கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் சாலையில், சிப்காட் ஆலைகளுக்கு நடுவே இருக்கிறது குடிகாடு. அருகே உப்பனாறு. அந்த ஆறு கடலைத் தொடுகிற இடத்தில் கடலூர்த் துறைமுகம். இந்தப் பகுதி இளைஞர்கள் பலருக்குக் கப்பல் வேலை ஒரு கனவு. அந்தக் கனவுக்காக நிலத்தையும் நகையையும் அடகு வைத்து முகவர்களிடம் பணம் கொடுத்துவிட்டு, கப்பலும் கிடைக்காமல் பணமும் திரும்பாமல் நிற்கும் குடும்பங்கள் தமிழகக் கடற்கரை நெடுகிலும் உண்டு. உரிமம் பெறாத முகவர்களை நம்ப வேண்டாம் என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. கப்பல் தொழிலுக்கு நம்மவரை முறையாகப் பழக்க வேண்டும் என்று நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த ஒருவரின் வாழ்க்கையை இங்கே நினைவுகூரத் தோன்றுகிறது.

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, தந்தை உலகநாத பிள்ளையைப் போலவே வழக்கறிஞரானார். ஏழைகளுக்காக வாதாடிக் காவல் துறையின் பகையைத் தேடிக்கொண்டார். 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்து கொழும்புக்குச் செல்லும் கடல்வழி அப்போது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் தனிச்சொத்துப் போலவே இருந்தது. அதன் உள்ளூர் முகவர்கள் ஏ அண்ட் எப் ஹார்வி நிறுவனத்தார். கோரல் ஆலையும் அவர்கள் கையில்தான் இருந்தது. பின்னாளில் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இந்த உறவு உதவும்.

1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை வாங்கினார். அன்றைய இரண்டு இலட்சம் ரூபாய் அது! வ.உ.சி. வகித்த பதவி துணைச் செயலாளர். ஆனால் ஓடியலைந்து பங்கு சேர்த்ததில் பெரும்பங்கு அவருடையது.

கம்பெனியின் நோக்கங்களில் ஒன்று நம் பாடநூல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை. இந்தியருக்கும் இலங்கையருக்கும் பிற ஆசிய நாட்டினருக்கும் கப்பல் செலுத்தவும் கட்டவும் பயிற்சி தருவது, அதற்கெனப் பள்ளிகளையும் கப்பல் கட்டும் தளங்களையும் நிறுவுவது ஆகியவை அதில் இருந்தன. அன்று கப்பலின் கீழ்த்தளத்தில் கரியள்ளிப் போடவும் மேல்தளத்தைக் கழுவவும் இந்தியர் இருந்தனர். தலைவனும் பொறியாளரும் பெரும்பாலும் வெள்ளையர். கப்பல் நம்முடையதாக இருந்து, அதைச் செலுத்தும் கை அயலாருடையதாக இருந்தால் சுதேசியம் பாதியிலேயே நின்றுவிடும் என்பதை அந்த வழக்கறிஞர் கண்டுகொண்டார். அவரது வாழ்வில் என்னை மிகவும் ஈர்ப்பது, கப்பல் வாங்கிய துணிச்சலைக் காட்டிலும் இந்தத் தொலைநோக்குதான்.

முதலில் பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். வெள்ளைக் கம்பெனியின் நெருக்கடிக்குப் பணிந்து அது விலகிக்கொண்டது. உடனே கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்தினார் வ.உ.சி. சொந்தக் கப்பலே வேண்டும் என்று முடிவானதும் பம்பாய்க்குப் புறப்பட்டார். 1907-இல் எஸ்.எஸ்.காலியா தூத்துக்குடி வந்தது, எஸ்.எஸ்.லாவோவும் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூட்டைகளையும் சுமக்கக்கூடியவை என்று அக்கப்பல்களைப் பற்றிச் சொல்வார்கள்.

போட்டி தொடங்கியது. எதிர்த்தரப்பு கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, குடையும் கொடுக்கத் தொடங்கினார்கள். பணபலத்தின் இந்த விளையாட்டு பலரும் அறிந்ததே. இதைவிட நுட்பமானது அலுவலகங்களில் நடந்தது. துறைமுகம், சுங்கம், சுகாதாரம் என்று பயணி கடக்க வேண்டிய ஒவ்வொரு வாயிலிலும் பாரபட்சம் காட்டப்படுவதாகச் சுதேசித் தரப்பு முறையிட்டுக்கொண்டே இருந்தது. விதிகள் எல்லாருக்கும் பொதுவானவைதாம். அவற்றைக் கையில் வைத்திருந்தவர்கள் பொதுவானவர்களாக இல்லை.

கடல் பாதுகாப்பு விதிகள் தம்மளவில் தீயவை அல்ல. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றி மாலுமிகளைச் சாகவிட்ட முதலாளிகளுக்கு எதிராக சாமுவேல் பிளிம்சால் போராடியதன் விளைவாகத்தான் 1876-இல் பிரிட்டனில் கப்பலின் விலாவில் சுமைக்கோடு கட்டாயமானது. அதே பிரிட்டனின் ஆட்சியில் தூத்துக்குடித் துறைமுகம் ஒரு கம்பெனியின் காவலாளாக நடந்துகொண்டது.

1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. கப்பலிலும் ஆலையிலும் ஒரே சமயத்தில் அடி விழுந்ததை ஆட்சி பொறுக்கவில்லை. மார்ச் 12 அன்று அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்தது இரண்டு ஆயுள் தண்டனைகள்; கூட்டினால் நாற்பது ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் கோவைச் சிறையில் மாடுபோலச் செக்கிழுத்தார். பிறகு கண்ணூர்ச் சிறை. அவர் உள்ளே இருந்தபோதே, 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா, எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அதற்கே விற்கப்பட்டது.

1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் டைட்டானிக் மூழ்கியிருந்தது. அந்த விபத்தின் விளைவாக, கடலில் உயிர்களைக் காப்பதற்கான முதல் சர்வதேச உடன்படிக்கை 1914-இல் உருவாயிற்று. கப்பலைப் பற்றி உலகம் புதிதாகச் சிந்திக்கத் தொடங்கிய நேரத்தில், கப்பல் நடத்திய தமிழர் வழக்கறிஞர் சன்னதும் இழந்து சென்னையில் சிறு வியாபாரம் செய்து பிழைத்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய 347 ரூபாய், காந்தியுடன் நெடுநாள் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகே கைக்கு வந்தது. சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் நினைவாக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஒரு வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர், இன்னொரு வெள்ளையரின் நேர்மையைக் குடும்பப் பெயரிலேயே ஏற்றிக்கொண்டார்.

அவர் எழுதிய மாலுமிப் பள்ளி தூத்துக்குடியில் அவர் காலத்தில் திறக்கப்படவில்லை. இந்திய இளைஞர்களைக் கப்பல் அதிகாரிகளாக்கும் பயிற்சி, 1927-இல் பம்பாயில் டஃபரின் என்ற கப்பலில்தான் தொடங்கியது. கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 1949-இலும், வணிகக் கப்பல் சட்டம் 1958-இலும் வந்தன. இன்று மாலுமிகளின் தகுதிச் சான்று, கப்பல்களின் சோதனை, ஆள்சேர்ப்பு முகவர்களின் உரிமம் எல்லாம் அந்த இயக்குநரகத்தின் பொறுப்பு. 2008-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் அமைந்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் புதிய சட்டமும் இயற்றப்பட்டுவிட்டது.

ஆள்வோர் நம்மவர் என்பதால் மட்டும் கடல் இரக்கம் காட்டிவிடாது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய சிதம்பரம் என்ற பயணிகள் கப்பல் அரசு நிறுவனத்துக்கே சொந்தமானது. 1985 பிப்ரவரியில் அது சென்னை திரும்பும் வழியில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அன்று தூத்துக்குடி அலுவலகங்களில் சுதேசிகள் கேட்டது விதிவிலக்கு அல்ல, நடுநிலை. குடிகாட்டு இளைஞன் இன்று கேட்பதும் அதுதான்: தன் பெற்றோர் கட்டுகிற பணத்துக்கு முன், அந்த முகவரின் உரிமத்தை ஓர் அதிகாரி நேர்மையாகச் சோதித்திருக்க வேண்டும்.

சிறைக்குப் பின் வ.உ.சி. தமிழ்ப் பணியில் ஆழ்ந்தார். தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார், சிவஞான போதத்துக்கும் உரை கண்டார், தன் வரலாற்றைச் செய்யுளாகவே பாடினார். கோவில்பட்டியில் சில காலம் வழக்காடிவிட்டு 1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். அங்கேயே 1936 நவம்பர் 18 அன்று காலமானார். அவர் எழுதி வைத்த உயிலில், கடைக்காரர்களுக்குத் தர வேண்டிய சில்லறைக் கடன்களையும் மறவாமல் குறித்திருந்தார்.