நோயாளியோடு குடும்பத்தையும் அழைத்த மருத்துவர்

புது தில்லி: தில்லி நேரு நகரில் உள்ள "விம்ஹான்ஸ்" மனநல மருத்துவமனை வித்யாசாகரின் பெயரைத் தாங்கியுள்ளது. இவர் வங்கத்துச் சீர்திருத்தவாதி ஈஸ்வர சந்திர வித்யாசாகர் அல்லர்; அமிருதசரஸ் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர்.

தேசப் பிரிவினை அம்மருத்துவமனையின் மீது பெரும் சுமையை ஏற்றியது. சொத்துகளையும் கைதிகளையும் பங்கிட்டுக்கொண்ட இரு அரசுகளும் 1950-ல் மனநோயாளிகளையும் பரிமாறிக்கொண்டன. லாகூரிலிருந்து 450 இந்து, சீக்கிய நோயாளிகள் எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்டனர். சாதத் ஹசன் மண்டோவின் "டோபா தேக் சிங்" கதைக்குக் களமானது இந்த நிகழ்வே.

1912-ம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. நோயாளி பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்பேரில் அனுமதிக்கப்படுவார். உறவினர் வாயிலோடு திரும்பிவிடுவர். மாதங்கள் கடக்கக் கடக்க வீட்டில் அவருக்கான இடமும் மறைந்துவிடும். நோயின் தீவிரத்தைக் காட்டிலும் இந்தப் பிரிவே பலரை ஆயுள் முழுவதும் வார்டுகளில் நிறுத்தியது.

வித்யாசாகர் கைவைத்தது இந்த இடத்தில்தான். மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களை அமைத்து, நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கலாம் என்றார். போதிய மருத்துவர்களோ செவிலியர்களோ இல்லாத நிலையில் தாயும் மனைவியும் சகோதரரும் பராமரிப்பில் பங்கேற்றனர். அவர்களை ஒன்றாக அமர்த்தி, நோயின் தன்மையையும் மருந்தின் அவசியத்தையும் அவர்கள் அறிந்த புராணக் கதைகளின் வழியே விளக்கினார். பேய் பிடித்ததாக நம்பி வந்தவர்கள், அருகிலிருந்த நோயாளி தெளிவடைவதைக் கண்ணால் கண்டனர். உறவு அறுபடாததால், தேறியவர் வீடு திரும்புவதும் எளிதாயிற்று.

பின்னாளில் ரோத்தக் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், 1978-ல் காலமானார். எழுதியது மிகக் குறைவு என்பதால், புகழ் துறை வட்டாரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. எனினும், குடும்பத்தாரை உடன் தங்கவைக்கும் முறை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் 1950-களிலேயே வேரூன்றியது.

ஆனால், கூடாரத்துக்கு வர யாருமே இல்லாதவர்களுக்கு இம்முறையில் விடை இல்லை. ஊர் எல்லைக்கு அப்பால் போய்விட்ட லாகூர் நோயாளிகள் பலரின் நிலையும் அதுவே. குடும்பம் இல்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் எவரையும் மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறியது 2017-ல்தான். குணமடைந்தோருக்கு மறுவாழ்வு இல்லங்களை ஏற்படுத்துமாறு உச்ச நீதிமன்றமும் மாநிலங்களைப் பலமுறை வலியுறுத்தியது. 2021 ஜூலையில் வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தபோது, மகாராஷ்டிரத்தில் அத்தகையோர் பிச்சைக்காரர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மாற்றப்படுவது தெரியவந்தது. அதை உடனே நிறுத்துமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது.