முதுகெலும்பு முறிந்தோருக்கு வாழ்வளித்த மருத்துவர்

முதுகெலும்பு முறிந்து கால்கள் செயலிழந்தவர் பிழைப்பது அரிது என்று மருத்துவர்களே கைவிட்ட காலம் ஒன்றுண்டு. அந்நிலையை மாற்றப் பாடுபட்ட பெரியார் டாக்டர் லுட்விக் குட்மன் ஆவார்.

இவர் 1899-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள், அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த டோஸ்ட் என்னும் ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1917-இல் விபத்து மருத்துவமனை ஒன்றில் ஏவலாளாகத் தொண்டு செய்தபோது, முதுகு ஒடிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கொண்டு வந்தனர். நல்ல வாலிபர். மாவுக்கட்டுப் போட்டு, திரை மறைவில் கிடத்திவிட்டார்கள். சில வாரங்களில் அவர் இறந்துபோனார். அந்தக் காட்சி குட்மன் மனத்தைவிட்டு நீங்கவேயில்லை.

அவர் மருத்துவம் கற்று, நரம்பியலில் புகழ் பெற்றார். ஆனால் 1933-இல் ஹிட்லர் ஆட்சி யூதர் என்பதால் அவரைப் பதவியிழக்கச் செய்தது. பிரெஸ்லாவ் நகரின் யூத மருத்துவமனையில் பணி தொடர்ந்தார். 1938 நவம்பர் 9-ஆம் நாள் இரவு யூதர்கள் வேட்டையாடப்பட்டபோது, அடைக்கலம் தேடி வந்த 64 பேரையும் அங்கே சேர்த்துக்கொண்டார். மறுநாள் இரகசியப் போலீசார் வந்து கேட்க, ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லிச் சமாளித்தார். அவர்களுள் 60 பேர் தப்பினர். 1939-இல் குட்மன் குடும்பத்துடன் இங்கிலாந்து சேர்ந்தார்.

1944 பிப்ரவரி 1-ஆம் நாள் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், தண்டுவடக் காயம் அடைந்த போர்வீரர்களுக்கான தனிப் பிரிவு அவர் பொறுப்பில் திறக்கப்பட்டது. இத்தகையோரைக் கொன்றது பெரும்பாலும் முறிவு அன்று. படுக்கைப் புண்ணும் சிறுநீரில் பற்றிய கிருமியுமே. உணர்ச்சியற்ற உடல் ஒரே பக்கமாக அழுந்தினால் நோயாளிக்கு வலி தெரியாது, சதை அழுகிவிடும். எனவே இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல், ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று விதித்தார். மாவுக்கட்டுகளை நீக்கித் தலையணைகளை அண்டக் கொடுத்தார். நள்ளிரவில் தாமே வந்து பார்ப்பாராம். மருந்து கண்டுபிடித்தவர்களை நாம் பாடத்தில் படிக்கிறோம். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்த கைகளை யார் எண்ணுகிறார்கள்? அந்தச் செவிலியரும் ஏவலாட்களும் இன்றி இவ்வெற்றி ஏது?

பிழைத்தால் போதுமா? தச்சு வேலை, கடிகாரம் பழுதுபார்த்தல் முதலிய தொழில்களைக் கற்பித்தார். விளையாட்டையும் சிகிச்சையாக்கினார். 1948 ஜூலை 29-ஆம் நாள், லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் மருத்துவமனைப் புல்வெளியில் வில்வித்தைப் போட்டியிட்டனர். அவ்விதை வளர்ந்து, 1960-இல் ரோம் நகரில் 23 நாடுகளின் போட்டியாயிற்று. அதுவே முதல் பாராலிம்பிக் எனப்படுகிறது. 1965 போரில் குண்டடிபட்ட நம் இந்திய வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பர்க் நகரில் நீச்சலில் தங்கம் வென்றதும் இந்தப் போட்டியில்தான்.

1966-இல் குட்மன் 'சர்' பட்டம் பெற்றார். 1980 மார்ச் 18-ஆம் நாள் இயற்கை எய்தினார். ஸ்டோக் மாண்டவில் தண்டுவடப் பிரிவு இன்றும் நோயாளிகளை ஏற்று வருகிறது.