கம்மந்தான் யூசுப் கான் சாஹிப்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலையில் கீரனூர், குளத்தூர்ப் பக்கத்து ஊர்களெல்லாம் இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் அடர்ந்த காடாக இருந்தன. தொண்டைமான் காடு என்று அதற்குப் பெயர். 1753, 1754ஆம் ஆண்டுகளில் திருச்சிக் கோட்டையை மைசூர்ப் படையும் பிரெஞ்சுக்காரர்களும் நெருக்கிக்கொண்டிருந்த சமயம், உள்ளே இருந்த ஆங்கிலேயருக்கும் நவாப் முஹம்மது அலிக்கும் அரிசியும் ஆடு மாடுகளும் இந்தக் காட்டு வழியாகத்தான் போயின. கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். இரவோடு இரவாக எதிரியின் காவலைத் தாண்டி வண்டிகளையும் பொதி மாடுகளையும் கொண்டு சேர்த்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழ் முஸ்லிம் சிப்பாய்த் தலைவர். அவர்தான் யூசுப் கான். கம்மந்தான் கான் சாஹிப் என்றால் மதுரைச் சீமையில் தெரியாதவர் இல்லை. மருதநாயகம் என்ற பெயரை இப்போது நம் பிள்ளைகள் சினிமாப் பெயராக மட்டுமே அறிந்திருப்பதால், அவருடைய சரித்திரத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

இராமநாதபுரம் சீமையில் பனையூர் என்னும் கிராமத்தில் 1725ஆம் ஆண்டு வாக்கில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் என்றும், மருதநாயகம் என்பது பெற்றோர் இட்ட பெயர் என்றும் சொல்வார்கள். இளம் வயதிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டுப் புதுச்சேரி சென்று வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்தார். இஸ்லாத்தைத் தழுவி முஹம்மது யூசுப் கான் ஆனார். பிறகு நெல்லூரில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக உயர்ந்தார். 1752இல் கிளைவின் படைக்கு வந்தார். பெரிய இடத்துப் பிள்ளையுமல்ல, சிபாரிசு செய்ய ஆளுமில்லை. அவர் ஏறிய படி ஒவ்வொன்றும் தம் உழைப்பால் ஏறியதே.

மேஜர் லாரன்ஸ் அவரைப் படைத்தொழிலில் பழக்கினார். திருச்சி முற்றுகையில் உணவு வண்டிகளைக் காத்துக் கொண்டுவரும் பொறுப்பு அவரிடம் வந்தது. தொண்டைமான் நாட்டில் கிள்ளனூரில் தானியத்தைச் சேர்த்து வைத்து, அங்கிருந்து சந்தர்ப்பம் பார்த்துத் திருச்சிக்குக் கடத்துவார்கள். ஒரு வண்டித் தொடர் தப்பினால் கோட்டை பட்டினி. இந்த நிலையில்தான் 1754இல் லாரன்ஸின் துபாஷாக இருந்த பொன்னியப்பன் என்பவர், யூசுப் கான் மைசூராருடன் சேர்ந்து சதி செய்கிறார் என்று காட்ட ஒரு பொய்க் கடிதத்தைத் தயாரித்தார். விசாரணையில் கடிதம் போலி என்பது வெளியாயிற்று. பொன்னியப்பன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார். யூசுப் கான் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கம்மந்தான் ஆக்கப்பட்டார். லாரன்ஸின் சிபாரிசால் தங்கப் பதக்கமும் கிடைத்தது. தம்மைச் சுற்றி இருப்பவர்களே தமக்குக் குழி வெட்டுவார்கள் என்பதை அவர் அன்றே பார்த்துவிட்டார். ஆனாலும் பத்து வருஷம் கழித்து அதே விதத்தில்தான் வீழ்ந்தார்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியே செங்கற்பட்டுப் பக்கம் கேப்டன் பிரெஸ்டனுடன் நின்று, லாலியின் பின்புறத்தை ஓயாமல் தாக்கியவர் கான் சாஹிப். 1759 பிப்ரவரியில் லாலி பின்வாங்கினார். அந்த வருஷமே மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு ஐந்து லட்சம் குத்தகைக்கு அவர் பொறுப்பில் விடப்பட்டன.

அங்கே அவர் நடத்திய ஆட்சியைப் பற்றி நாம் பெருமைப்பட இடமுண்டு. குளங்களும் வாய்க்கால்களும் செப்பனிடப்பட்டன. நெசவாளர்களுக்கு ஆதரவு கிடைத்தது. வழிப்பறிக்கு அஞ்சாமல் ஜனங்கள் நடமாடினார்கள். மீனாட்சியம்மன் கோவிலுக்கு நின்றுபோயிருந்த மானியத்தை மறுபடி கொடுக்கச் செய்தார். தாம் முஸ்லிம், அவர்கள் பிற சமயத்தார் என்ற பேதம் அவர் கணக்கில் வரவில்லை. அதே சமயம் உண்மையை மறைக்கவும் கூடாது. மேலூர்ப் பக்கத்து மக்களை அவர் அடக்கிய விதம் மிகக் கடுமையானது. பூலித்தேவர் போன்ற பாளையக்காரர்களைக் கம்பெனிக்காகவும் நவாபுக்காகவும் அடித்து நொறுக்கியவரும் அவர்தான். 1761இல் நெற்கட்டுஞ்செவல் அவரிடம் வீழ்ந்தது. அவரைச் சுதந்திர வீரர் என்று மட்டும் சொல்லி மேடையை விட்டு இறங்கிவிடுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தொடுவதில்லை.

இவ்வளவு வேலைக்கு நடுவே அவருக்குக் குடும்பமும் இருந்தது. மனைவி போர்த்துகீசிய வம்சாவளியைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண். மாசா என்று நம் நாட்டுப்பாடல் அவரைக் குறிப்பிடும். ஆண் குழந்தை ஒன்று. படைக்கு ஆள் எடுப்பதிலும் வரி வசூலிலும் காலம் கழித்த மனிதர் தம் மனைவியையும் பிள்ளையையும் தம்முடன் மதுரைக் கோட்டைக்குள்ளேயே வைத்திருந்தார். கடைசி வரை அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

சண்டை வந்த காரணம் குத்தகைதான். கான் சாஹிப் தம் கீழ் வேலை பார்க்கும் நௌகர் என்பது நவாபின் எண்ணம். கம்பெனி தம்மை நியமித்தது, கம்பெனிக்கே பதில் சொல்வேன் என்பது இவர் எண்ணம். ஆண்டுக்கு ஏழு லட்சம் வீதம் நான்கு வருஷத்துக்குக் குத்தகை தாருங்கள் என்று 1761இலும் 1762இலும் கேட்டார். இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். பணம் அதிகம் வந்தாலும், இவர் பலம் அதிகமாவதை நவாப் விரும்பவில்லை. வேறு வழியில்லை என்று கண்ட கான் சாஹிப், கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மர்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர் தம் ஆட்களுடன் துணைக்கு வந்தார்.

1763 செப்டம்பரில் கர்னல் மான்சன் முற்றுகையிட்டு, மழை பிடித்ததும் திரும்பினார். மறு வருஷம் மேஜர் காம்ப்பெல் வந்தார். 1764 ஜூன் 26இல் கோட்டைச் சுவரை உடைத்து ஏறிய தாக்குதலைக் கான் சாஹிப் முறியடித்தார். அதன்பின் அவர்கள் ஏறவில்லை. சுற்றி வளைத்துப் பட்டினி போட்டார்கள். உணவு தீர்ந்தது. மனங்கள் கசந்தன. ஒரு வாக்குவாதத்தில் கான் சாஹிப் மர்ஷானைச் சாட்டையால் அடித்ததாகச் சொல்வார்கள். பசித்த கோட்டையில் அப்படிப்பட்ட கோபம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. மர்ஷானும், திவான் சீனிவாசராவும், வைத்தியர் பாபா சாஹிபும் கூடிப் பேசி, அக்டோபர் 13ஆம் தேதி அவரைப் பிடித்துக் கட்டினார்கள். தொழுகையில் இருந்தபோது பிடித்தார்கள், அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள் என்பது மதுரையில் வழங்கிவரும் செய்தி.

அக்டோபர் 15, திங்கட்கிழமை மாலை, ஹிஜ்ரி 1178இல், முற்றுகைப் பாசறையின் முன் நவாபின் உத்தரவுப்படி தூக்கிலிடப்பட்டார். இருமுறை கயிறு அறுந்தது என்றும் சொல்லுவர். அதோடு விடவில்லை. மைய்யித்தைத் துண்டித்துத் தலையைத் திருச்சிக்கும் மற்ற உறுப்புகளை வேறு வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள் என்பது வரலாறு. பாளையங்கோட்டை, தஞ்சை, திருவாங்கூர் என்று ஊர்களைச் சொல்வார்கள். பெரியகுளத்திலும் ஓர் அடக்கம் உண்டு. போரில் எதிரியாக வந்து மடிந்தவனின் உடலைக்கூடச் சிதைக்கக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை மார்க்கம் கற்ற எவரும் அறிவர். கலிமாச் சொன்ன ஒருவரைக் கலிமாச் சொன்ன நவாபே இப்படிச் செய்தார். குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்குவது உயிரோடிருக்கும் நம் மீது மைய்யித்துக்குள்ள கடன். அரசியல் பகை அந்தக் கடனையும் விழுங்கியது.

உடலின் பெரும்பகுதி மதுரை சம்மட்டிபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1808இல் அதன்மேல் சிறு பள்ளிவாசல் ஒன்று எழும்பியது. தேனி சாலையில் காளவாசல் பக்கம் இருக்கும் அதைக் கான் சாஹிப் பள்ளிவாசல் என்கிறார்கள். மதுரைக்குப் போகிறவர்கள் அங்கே தொழுதுவிட்டு, அவருடைய மஃபிரத்துக்காக துஆச் செய்து வரலாம்.

மனைவி மாசா, கணவர் இறந்த சிறிது காலத்தில் காலமானார் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. இரண்டு மூன்று வயதே ஆகியிருந்த அந்தப் பிள்ளையை ஆழ்வார்திருநகரியில் யாருக்கும் தெரியாமல் வளர்த்தவர், கான் சாஹிபைக் காட்டிக் கொடுத்த அதே திவான் சீனிவாசராவ் என்றும் சொல்கிறார்கள்.