கைம்பெண்களை ஆசிரியைகளாக்கிய சகோதரி சுப்பலட்சுமி

சென்னை மயிலாப்பூரில் 1886ஆம் ஆண்டு பிறந்த சுப்பலட்சுமி, பதினோரு வயதளவில் மணமாகிச் சிறிது காலத்திலேயே கணவரை இழந்தார். தலையை மழித்து மூலையில் இருத்தும் வழக்கத்துக்குப் பெற்றோர் இணங்கவில்லை; படிக்க வைத்தனர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

மறுவருடமே இளங்கைம்பெண்களுக்காக இல்லம் தொடங்கினார். பின்னர் அது கடற்கரையோர ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. உணவும் உறைவிடமும் கொடுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் பெறச் செய்தார். பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆசிரியைகள் போதாதிருந்த காலம் அது. ஆகவே பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை காத்திருந்தது. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி அவர் தலைமையில் ஆரம்பமானது. வயது கடந்த பெண்களுக்கென 1942இல் ஸ்ரீ வித்யா கலாநிலையத்தை நிறுவினார். 1954இல் தாம்பரம் அருகே மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்கள், சிறுவர் நல நிலையம் அமைத்தார். 1969இல் மறைந்தார்.

போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் எமது வாவிக்கரையில் பலரைக் கைம்பெண்களாக்கின. உலர் உணவும் தையல் இயந்திரங்களும் வந்தன. ஊரில் எல்லோரும் தைத்தால் வாங்குபவர் யார்? சில இயந்திரங்கள் இன்று வீட்டு மூலையில் கிடக்கின்றன. அந்தத் தாய்மாரோ களுதாவளை வெற்றிலைத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகிறார்கள்.

எங்கே ஆள் தேவை என்று முதலில் பார்த்து, அதற்கேற்பப் பயிற்றுவித்தவர் சகோதரி. எமது சங்கமும் நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை, இத்தாய்மாரின் பிள்ளைகள் தாதியராக, முன்பள்ளி ஆசிரியைகளாகப் பயில ஒதுக்குமானால், நாம் படித்த படிப்புக்குப் பொருளுண்டு.